பன்னிரண்டு கிலோ

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உருண்டை எழுதுகிறேன். இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் எங்கள் மகள் குட்டியும் சுகம். உனக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா? கால் வீக்கம் வற்றியதா? முதலில் அதை எழுது.

"ஃபோன்ல பேசினா நீ ம் கொட்டியே நழுவிடுவே, ஒழுங்கா எழுது" என்று கட்டளை போட்டாய். சரி, எழுதுகிறேன். சோதனை முடிவுகள் வந்துவிட்டன. என் சிறுநீரகம் உனக்குப் பொருந்துகிறது. ரத்தம், திசு, இன்னும் என் வாயில் நுழையாத ஏதேதோ, எல்லாமே பொருந்துகின்றனவாம். டாக்டர் கையைக் குலுக்கினார். குலுக்கிய கையை விடாமலே சொன்னார்: "ஆனா இந்த எடையோட உங்களை டேபிள்ல ஏத்த மாட்டாங்க. தொண்ணூத்திநாலு இருக்கீங்க. எண்பத்திரெண்டுக்கு வாங்க. ஜூன்ல வச்சுக்கலாம்."

பன்னிரண்டு கிலோ. பத்தொன்பது வருடமாகத் தராசு ரிப்பேர் பார்க்கிறவன் நான். காய்கறிக் கடைத் தராசிலிருந்து லாரி ஏறி நிற்கிற எடைமேடை வரை என் கை படாதது இந்த ஊரில் இல்லை. ஊரார் எடையைச் சரிபார்த்தே பிழைத்தவனுக்குத் தன் எடையைப் பார்க்க இப்போதுதான் வேளை வந்திருக்கிறது. சிரித்துக்கொள்.

பகலில் ஒரு தொல்லையும் இல்லை. தட்டில் வைப்பதைத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறேன். ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான் விழிப்பு வந்துவிடுகிறது. வயிறு தோளைப் பிடித்து உலுக்கி எழுப்புகிறது. அதற்கும் வழி செய்தாயிற்று. உன் தம்பி பெண்டாட்டி எட்டு மணிக்கே சமையலறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறாள். ஆகவே நீ பயப்படாதே. எனக்கும் பயமில்லை.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.
உருண்டை


பிப்ரவரி 16

என் உருண்டைக்கு,

அக்காவின் ஆசிகள். குட்டியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் ஒன்று என் பேரில் கொடு. கால் வீக்கம் வற்றியிருக்கிறது, மூச்சு தேவலை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

இதை ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் மெஷின் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தபடி எழுதுகிறேன். வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் ஒரு குழாயில் போய்ச் சுத்தமாகி இன்னொன்றில் திரும்பி வருகிறது. வலது கை சும்மாதான் கிடக்கிறது. அதனால் இடது கை மெஷினுக்கு, வலது கை உனக்கு. அச்சகத்துக்காரரும் நல்ல மனிதர், திருத்த வேண்டிய புரூஃபை இங்கேயே கொடுத்தனுப்பிவிடுகிறார். நான் நாலு மணி நேரமும் பிழை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். மெஷின் ஓடத் தொடங்கியதும், "எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். ஏறும்போதும் இறங்கும்போதும் எங்களை எடை பார்ப்பார்கள், உடம்பில் எவ்வளவு தண்ணீர் தேங்கியது, எவ்வளவு இறங்கியது என்று தெரிய. ஆக நானும் இப்போது உன் தொழிலில்தான் இருக்கிறேன்.

உன் பசி எனக்குப் புரியும். எனக்கு நாள் முழுவதற்கும் எழுநூறு மில்லி தண்ணீர்தான் அனுமதி, மாத்திரை விழுங்குவதும் அதிலேயே. ராத்திரியில் அடுத்த வீட்டுக் குழாய் சொட்டினால் எனக்குத் தூக்கம் போய்விடும். ஒரு நாள் பல் தேய்த்துக் கொப்பளித்த தண்ணீரைத் துப்பாமல் விழுங்கிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். நான் ஒருத்தி மட்டும் குடியிருக்கிற அறையில்!

எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொல்கிறேன். முழித்துக்கொண்டால் இருட்டில் நிற்காதே. விளக்கைப் போடு. பல் தேய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார். பத்து நிமிடம் போனால் பாதி அடங்கும். மிச்சத்துக்கு வெள்ளரிக்காயைக் கடி. அதற்கும் அடங்காவிட்டால் எனக்கு எழுது. உன்னால் முடியும்.

வேளைக்குத் தூங்கு.
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். இந்த வாரம் மெஷினில் தலை சுற்றல் ஏதும் வந்ததா? டிரைவர் என்ன சொல்கிறார்? அவரைப் பற்றிப் படித்துவிட்டுக் குட்டி இப்போது என் வேனில் ஏறும்போதெல்லாம் டிக்கெட் கேட்கிறாள்.

உன் வைத்தியத்தை அப்படியே செய்கிறேன். ராத்திரியில் மூன்று தடவை பல் தேய்க்கிறேன். பல் தேய்ந்து போனால் நீதான் கட்டித் தர வேண்டும். வெள்ளரிக்காய்க் கூடை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பலன் தெரிகிறது. ஞாயிறு காலையில் வீட்டுத் தராசில் ஏறுவேன், உன் தம்பி பெண்டாட்டி குனிந்து முள்ளைப் பார்த்துச் சொல்லுவாள். முதல் வாரம் தொண்ணூற்று மூன்றேகால். அடுத்து தொண்ணூற்றிரண்டரை, அதற்கடுத்து தொண்ணூற்றொன்றே முக்கால். நேற்று சரியாகத் தொண்ணூற்றொன்று. வாரம் முக்கால் கிலோ வீதம் போனால் மே முடிவில் எண்பத்திரண்டைத் தொட்டுவிடுவேன்.

ராத்திரிகள்தான் நீளமாக இருக்கின்றன. போன வியாழக்கிழமை ஒன்று நடந்தது. வேண்டாம், அதை அப்புறம் எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை.
உருண்டை


மார்ச் 25

என் தங்கத்துக்கு,

நலமாக இருக்கிறேன், அதிலும் உன் கடிதம் வந்த பிறகு ரொம்பவே நலம். மூன்று கிலோ! வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். டிரைவர், "உங்க தம்பி டயரைக் கழட்டிட்டே வண்டி ஓட்டுறாரு போல" என்றார். பெரிய டாக்டர் ஜூன் பன்னிரண்டாம் தேதியைத் தன் நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டார். "பேனாவுல எழுதுங்க டாக்டர்" என்றேன். "உங்க தம்பி எண்பத்திரெண்டுக்கு வரட்டும், பேனா எடுக்கறேன்" என்றார்.

நேற்று ராத்திரி ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நினைப்பு வந்தது. ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீரை நின்றபடியே அண்ணாந்து குடிக்க வேண்டும், யாரும் அளக்கக் கூடாது. அவ்வளவுதான், வேறு ஆசையே இல்லை.

இடது கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஊசி குத்துகிற நரம்பு கெட்டியாகிவிட்டது என்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. வியாழக்கிழமை என்ன நடந்தது? பாதியில் நிறுத்தினால் எனக்குத் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியாதா?

உன் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம். கை வீக்கம் தணிந்ததா? டிரைவர் சுகமா?

எடை விவரம்: எண்பத்தெட்டு, எண்பத்தேழேகால், எண்பத்தாறரை, நேற்று எண்பத்தைந்தே முக்கால். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. நீ நிம்மதியாக இரு.

வேறு விசேஷமில்லை.
உருண்டை


மே 8

உருண்டைக்கு,

நலமா என்று கேட்கிறேன், இந்தத் தடவை உண்மையைச் சொல்.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இருபத்தாறு வருடம் அடுத்தவன் எழுதியதில் பிழை பார்த்த கண் இது. முக்கால், முக்கால், முக்கால். ஒரு வாரம்கூட அரையாகவில்லை, ஒரு வாரம்கூட ஏறவில்லை. மாடிப்படிபோல இறங்கியிருக்கிறாய்.

நான் வாரத்துக்கு ஆறு தடவை எடைமேடையில் ஏறி இறங்குகிறவள். உடம்பு அப்படி இறங்காது. ஒரு நாள் ஒன்றே முக்கால் ஏறும், ஒரு நாள் அரைகூட ஏறாது. உப்பு கொஞ்சம் கூடினால் ஒரு கணக்கு, தூங்காவிட்டால் இன்னொரு கணக்கு. இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் இப்படி எழுதியிருக்கிறாய்.

நீ யாருக்குத் தண்ணி காட்டுகிறாய்? எனக்கா? எனக்குத்தான் தண்ணியே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே.

உண்மையான எடையை எழுது. திட்ட மாட்டேன். ஆனால் சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 11

அக்கா,

சுகமா என்று கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன். கை எப்படி இருக்கிறது?

நாளைக்கு உனக்கு ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய தேதி. நடக்காது. உன் டாக்டர் சொல்லியிருப்பார்.

போன வாரம் இங்குள்ள ஆஸ்பத்திரியில் சர்டிபிகேட்டுக்காக எடை பார்த்தார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது எண்பத்திரண்டரை. அங்கே சிஸ்டர், "தொண்ணூத்திரெண்டு நானூறு" என்று எழுதிக்கொண்டாள். "சிஸ்டர், உங்க மெஷின் தப்பு" என்றேன். "போன மாசம்தான் சார் செக் பண்ணினாங்க" என்றாள். "எவன் பண்ணினான்? இந்த ஊர்ல எடைன்னா நான்தான்" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போய் இருபது கிலோ சோதனைக் கற்கள் நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது, சட்டை நனைந்துவிட்டது. நான்கையும் வைத்தேன். சரியாக எண்பது காட்டியது. இறக்கி வைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் எண்பது. சிஸ்டர் சிரிக்கவில்லை. மெதுவாக, "இப்ப நீங்க ஏறுங்க சார்" என்றாள்.

தராசு சரி, நான்தான் தப்பு.

பிப்ரவரியில் இரண்டாவது ஞாயிறே எடை ஏறியிருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டுத் தராசைக் கடைக்குக் கொண்டுபோய் உள்ளே இருக்கிற நெம்புகோலை ஒரு மயிரிழை நகர்த்தினேன். பூஜ்யத்தில் கை வைத்தால் குட்டிகூடக் கண்டுபிடித்துவிடுவாள். இது அப்படியில்லை. பூஜ்யம் பூஜ்யத்தில்தான் நிற்கும், ஆள் ஏறினால் மட்டும் குறைவாகக் காட்டும். இப்படிச் செய்த இரண்டு கடைக்காரர்கள் மீது நானே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் வாரம் ஒரு மயிரிழை. செய்ததை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மறந்தவன்போல் ஏறி நின்றேன். முள் இறங்கியதைப் பார்த்து உன் தம்பி பெண்டாட்டி கை தட்டியபோது நானும் சேர்ந்து தட்டினேன். ஆஸ்பத்திரியில் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நிஜமாகவே அவர்கள் மெஷின்தான் தப்பு என்று நம்பினேன், அக்கா. அதை நினைத்தால்தான் எனக்கு என் மீதே பயம் வருகிறது.

அந்த வியாழக்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ராத்திரி முழித்தபோது நான் கட்டிலில் இல்லை. கூடத்தில் இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். குட்டியின் பள்ளிப்பை திறந்து கிடந்தது, என் வாய் நிறைய ஏதோ இருந்தது. எழுந்து வந்ததே எனக்கு நினைவில்லை. குட்டி தண்ணீர் குடிக்க வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, திருடன்!" என்று அலறினாள். விளக்கைப் போட்டதும் நான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் கிட்டே வரவில்லை.

ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்று இங்குள்ள டாக்டர் சொன்னபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மட்டும் எழுத மாட்டேன்.

திட்டியாவது ஒரு வரி போடு.
உருண்டை


ஜூலை 22

என் தம்பிக்கு,

நலம். பதில் போட நாளாகிவிட்டது, கோபமில்லை. பேனா சரியில்லை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ எழுத மாட்டேன் என்றாயே, அது எனக்குத் தெரியும். நானே எழுதுகிறேன். தள்ளிப்போகிறது என்றதும் உனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்பாவை உள்ளே கொண்டுபோன நாள் ஞாபகமிருக்கிறதா? குடலிறக்க ஆபரேஷன், அரைமணி நேர வேலை என்றார்கள். உனக்குப் பத்து வயது. அப்பாவுக்கென்று வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழத்தை உன் மடியில் வைத்துவிட்டு நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி மூன்று மணியாயிற்று. நீ ஒவ்வொன்றாக உரித்து எல்லாவற்றையும் தின்றாய். டாக்டர் வெளியே வந்து, அப்பா இல்லை என்று தலையை ஆட்டியபோது உன் வாயில் பழம் இருந்தது. நான் எல்லார் முன்னாலும் உன் முதுகில் ஓங்கி அடித்தேன். "உனக்கு இப்பக்கூட தீனியாடா?" என்று கத்தினேன். முப்பத்தொரு வருடமாக அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நீ அன்றைக்கும் பசித்துத் தின்னவில்லை. இப்போதும் அப்படித்தான்.

ஆகவே நீ வர வேண்டாம். வேறு யாராவது கொடுத்தால் எனக்கு வைக்க என் பெயரைப் பட்டியலில் பதிந்தாயிற்று. உனக்குப் பெண் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடு, ராத்திரி தூங்கு.

அக்கா


ஜூலை 29

அக்கா,

நலம் என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை பார்த்தேன். பேனாவில் ஒரு குறையும் இல்லை, மை சீராகத்தான் விழுந்திருக்கிறது. எழுத்து மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறது. இது உன் வலது கை எழுத்தில்லை. இடது கையால் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் ஊசி இப்போது வலது கைக்குப் போயிருக்கிறது. இடது கை முடிந்துவிட்டதா? எப்போது? அதற்கப்புறம் குத்த எங்கே இடம் இருக்கிறது? ஏப்ரலில் டிரைவரைப் பற்றிக் கேட்டேன், அதற்கப்புறம் நீ அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் உன்னிடம் பொய் எண் எழுதினேன், நீ என்னிடம் எழுதாமலே விட்டாய்.

நீ எழுதியது சரி. நிம்மதியாகத்தான் இருந்தது. டாக்டர் அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நிமிடம், அப்பாடா, நான் சாக மாட்டேன் என்று இருந்தது. அடுத்த நிமிடமே நீ ஞாபகத்துக்கு வந்தாய். அன்று சாயங்காலம் ஒரு முழு ரொட்டியை வேனில் உட்கார்ந்து தின்றேன். ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று எனக்குள் ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தான். அவன்தான் ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து வந்தான்.

உன் கடிதம் வந்த அன்று ராத்திரி உன் தம்பி பெண்டாட்டியை எழுப்பினேன். "சாவியைக் கொடு, பசிக்குது" என்றேன். "எட்டு மணிக்குத்தானே சாப்பிட்டீங்க? என்ன பண்ணுது உங்களுக்கு? அதைச் சொல்லுங்க" என்றாள். நான் அழுதுவிட்டேன். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. செத்துப்போய்விடுவேனோ என்று இருக்கிறது என்றேன். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும்தான் அப்படி இருக்கு. உங்க முன்னால சொல்லக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். விடிகிற வரைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பசிக்கத்தான் செய்தது. ஆனால் சாவி கேட்கவில்லை.

மறுநாள் தராசைச் சரிசெய்தேன். கடைத் தராசுகளுக்கு ஈய முத்திரை போடுவோமே, அதேபோல் மூடி மேல் முத்திரை அடித்தேன். அடிக்கிற கட்டையை அவளிடம் கொடுத்துவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை எடையை எழுதிய தபால் கார்டு அவள் கையெழுத்தோடுதான் வரும். இன்றைய எடை தொண்ணூற்றொன்று எண்ணூறு.

வர வேண்டாம் என்று இனி எழுதாதே. பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் வருவேன். டிரைவருக்கு என்ன ஆயிற்று?

உருண்டை


செப்டம்பர் 14

என் உருண்டைக்கு,

இன்றைக்கு உடம்பு சுமார்தான். இப்படி எழுதுவது புதிதாக இருக்கிறது, பழகிக்கொள்கிறேன். இடது கையால் ஒரு பக்கம் எழுத இரண்டு நாளாகிறது. புரூஃப் வேலையை ஆகஸ்டிலேயே விட்டுவிட்டேன்.

டிரைவர் மே முதல் வாரம் போய்விட்டார். ராத்திரி வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு பானைத் தண்ணீர் குடித்திருக்கிறார், மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியிலேயே முடிந்துவிட்டது. உனக்குப் பொய் எண் பற்றி எழுதிய கடிதம் அதற்கு மூன்றாம் நாள் எழுதியது. பக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அதை எழுதினால் நீ இன்னும் தின்பாயோ என்று பயந்தேன்.

இடது கை நரம்பு மே கடைசியில் அடைத்துக்கொண்டது. கொஞ்ச நாள் கழுத்தில் குழாய் போட்டு ஓட்டினார்கள். இப்போது வலது கை, வீட்டிலும் பேனா பிடிக்க விடாமல் வலிக்கிறது. இதுவும் போனால் என்ன என்று கேட்டேன், டாக்டர் அடுத்த நாற்காலியைப் பார்க்கப் போய்விட்டார்.

உன் கார்டுகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 91.1, 91.6, 90.2, 90.3, 88.9. ஏறி இறங்கி, அசிங்கமாக இருக்கின்றன. ஒரு பிழையும் இல்லை. உன் தம்பி பெண்டாட்டி என்று நீ எழுதி எழுதி எனக்கும் பழகிவிட்டது, அவள் என் தங்கச்சி என்று அவளிடம் சொல்.

வர வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா? எழுதிவிட்டுத் தபாலில் போட்ட அன்று ராத்திரி முழுக்க, இவன் இதை நம்பிவிடக் கூடாதே என்று பயந்தபடி படுத்திருந்தேன். எனக்கு வாழ வேண்டும் என்று இருக்கிறது, உருண்டை. அதற்கு உன்னை அந்தக் கதவுக்குள் அனுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

சீக்கிரம் வா.
அக்கா


டிசம்பர் 6, கீழ் மாடி, ஆண்கள் வார்டு

அக்கா,

ஐந்து மணி நேரத்துக்கு முன்னால்தான் உன்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன், அதற்குள் கடிதமா என்று கேட்காதே. ஆயாவிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன். உனக்குத் தலைவலி விட்டதா?

மணி ஒன்றரை. முழிப்பு வந்துவிட்டது.

எண்பத்து மூன்று இருநூறு, போதும் என்றார் டாக்டர். தேதியைப் பேனாவில் எழுதினார், பார்த்தாய் அல்லவா? பத்து மணிக்கு மேல் வாயில் ஒரு பருக்கை படக் கூடாதாம். பட்டால் நாளைக்கு ஆபரேஷன் கிடையாது, உன் வலது கை இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. சிஸ்டர் மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு அவர் மனைவி ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் குறட்டை விடுகிறார். கை நீட்டினால் எட்டும். பொட்டலத்தின் ஒரு பக்கம் பிரிந்திருக்கிறது, வாசனை வருகிறது. வீட்டில் என்றால் அவளை எழுப்புவேன். அவளும் குட்டியும் வெளியே விடுதியில் தூங்குகிறார்கள். இங்கே பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

நம்மை உள்ளே கொண்டுபோய், கதவு திறந்து, டாக்டர் வெளியே வந்து தலையை ஆட்டுவதே கண்ணில் வருகிறது. சில நேரம் அது உனக்காக, சில நேரம் எனக்காக. யாருக்கு என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அதை எழுதிவிட்டால் ரொட்டியைத் தொட மாட்டேன் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். இதுவரை தொடவில்லை. ஆயா வாசலில் நிற்கிறார், நீ முழித்திருந்தால் ஒரு வரி எழுதிக் கொடு. அதுவரைக்கும் பேனாவைக் கீழே வைக்க மாட்டேன்.

உருண்டை


அதே ராத்திரி, மேல் மாடி

உருண்டை,

நானும் தூங்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இந்த இடது கையால் இதற்கு மேல் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். நைட் சிஸ்டரிடம் கேட்டுவிட்டேன். "நாலு மணி வரைக்கும் உட்காரட்டும், நான் பார்க்கல" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டாயிற்று.

பேனாவை வை. படியேறி வா.